எல்லையோர வானம் - 9: நூற்றைம்பது கிலோமீட்டர் வட்டம்

கடந்த வாரம் பேளகொண்டப்பள்ளி ஓடுபாதையோடு நிறுத்தியிருந்தோம். 1994-ல் தொடங்கிய தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம், ஆறு பேர் உட்காரும் இத்தாலிய வடிவமைப்பு விமானங்களை ஓசூருக்குப் பக்கத்திலேயே செய்து பறக்கவிட்ட கதை அது. அந்த ஓடுபாதையின் நீளம் ஏழாயிரம் அடிக்கும் மேல். நடுத்தர ஜெட் விமானம் ஒன்று இறங்கி ஏற அது போதும்.

பயணிகளுக்கும் பஞ்சமில்லை. சிப்காட் வந்து, அசோக் லேலண்ட் வந்து, டிவிஎஸ் வந்து, டைட்டன் வந்து, ஓசூரிலிருந்து சூளகிரி வரை தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் ஆலைகளாக மாறிக்கொண்டிருந்த காலம். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் பூட்ட வருபவரும், ஜப்பானுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவரும் பெங்களூருவின் எச்.ஏ.எல் விமான நிலையத்தையே நம்பியிருந்தார்கள். ஓசூரிலிருந்து அது ஒரு மணி நேரச் சாலை. இன்று கேட்டால் பொறாமையாக இருக்கும்.

ஓடுபாதையும் பயணிகளும் இருந்தும் இந்தப் பகுதிக்குப் பயணிகள் விமானம் ஏன் வரவில்லை? பதிலைத் தேடி ஓசூரைத் தாண்டி, பெங்களூருவுக்கும் வடக்கே, தேவனஹள்ளி வரை போக வேண்டும்.

*

ஒரு கூட்டணி கை கழுவியது

1991 மார்ச். பெங்களூருவுக்குப் புதிய விமான நிலையம் எங்கே அமையலாம் என்று பார்க்க, தேசிய விமான நிலைய ஆணையத்தின் முன்னாள் தலைவர் எஸ். ராமநாதன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழு தேர்ந்தெடுத்த இடம் தேவனஹள்ளி. நகரின் வடக்கே, மையத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

ஓசூர் இருப்பது நகரின் தென்கிழக்கே. அன்றைக்கு யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெங்களூருவின் விமான நிலையத்தைப் பெங்களூருவுக்காகத்தானே பார்ப்பார்கள்.

1995 டிசம்பரில் கர்நாடகத்துக்கு ஒரு பலமான கூட்டணி கிடைத்தது. டாடா குழுமம், அமெரிக்காவின் ரேதியான், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் என மூன்று பேர். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் சின்ன வேடிக்கை ஒன்று: அதே டாடா குழுமம் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவோடு சேர்ந்து ஓசூரில் டைட்டன் கடிகாரங்களைச் செய்துகொண்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆலை, அந்தப் பக்கம் விமான நிலையம் என்று ஒரே குழுமத்தின் கை இரண்டு பக்கமும் இருந்திருக்கும். நடந்திருந்தால்.

நடக்கவில்லை. இரண்டரை ஆண்டுகள் இழுபறியிலேயே போயின. அனுமதிகள் தாமதமாயின. இடம் குறித்தே தகராறு. எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை ஒரு கேள்விதான்: புதியது வந்த பிறகு பழைய எச்.ஏ.எல் விமான நிலையம் மூடப்படுமா, மூடப்படாதா?

கூட்டணிக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. நகருக்குள் இருக்கிற நிலையம் திறந்தே இருந்தால், பயணி எதற்காக ஊரைத் தாண்டி வடக்கே போவான்? உறுதியான பதிலைத் தர ஒருவரும் முன்வரவில்லை. 1998 ஜூனில் கூட்டணி விலகிக்கொண்டது.

இந்தத் தொடரில் பல திருப்பங்களைப் பார்த்திருக்கிறோம். என் கணிப்பில், சூளகிரியின் வானத்தைப் பூட்டியது 1998 ஜூன் மாதத்து இந்த விலகல்தான். பூட்டுக்குச் சாவி செய்யப்பட்டது ஆறு ஆண்டுகள் கழித்து.

*

சூடு கண்டவர்களின் பயம்

1999 மே மாதம் கர்நாடகம் மறுபடியும் தொடங்கியது. இம்முறை அரசு தரப்புக்கு 26 சதவீதம், தனியாருக்கு 74 சதவீதம். அரசின் 26-ல் பாதியை மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையமும், மறுபாதியைக் கர்நாடகத் தொழில் முதலீட்டு வளர்ச்சிக் கழகமும் எடுத்துக்கொண்டன. 2001 ஜனவரியில் இதற்கெனத் தனி நிறுவனம் பதிவானது. அதே ஆண்டு நவம்பரில் தனியார் பங்காளிகள் தேர்வானார்கள். ஜெர்மனியின் சீமென்ஸுக்கு 40, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் விமான நிலைய நிறுவனத்துக்கு 17, எல் அண்ட் டி-க்கு 17 சதவீதம்.

இந்தப் பங்குப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு இருக்கிறது, கர்நாடகம் இருக்கிறது, ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும்கூட இருக்கின்றன. தமிழ்நாடு இல்லை.

அதில் தவறு என்று சொல்ல வரவில்லை. வேறொரு மாநிலத்தின் விமான நிலையத்தில் தமிழ்நாடு ஏன் பங்கு வைக்க வேண்டும்? ஆனால் அந்தப் பங்காளிகள் அடுத்து எடுத்த முடிவு மாநில எல்லையோடு நிற்கவில்லை. சிக்கல் அங்கேதான்.

விமான நிலையத்துக்குக் கடன் கொடுப்பவரின் கணக்கு வேறு மாதிரியானது. ஆலை நட்டப்பட்டால் இயந்திரத்தையாவது கழற்றி விற்கலாம். ஓடுபாதையை என்ன செய்வது? இறங்குகிற விமானம் தரும் கட்டணம், ஏறுகிற பயணி தரும் கட்டணம், உள்ளே இருக்கிற கடைகளின் வாடகை, வாகன நிறுத்தம், சரக்கு என எல்லாமே தலை எண்ணிக்கையைப் பொறுத்த வருமானம். பக்கத்தில் இன்னொரு நிலையம் வந்தால் தலைகள் பிரியும்.

இந்தியாவில் இவ்வளவு பெரிய அளவில் தனியார் பங்களிப்போடு விமான நிலையம் கட்டுவது அப்போது புதிது. கொச்சி முன்னோடிதான், ஆனால் அதன் வழி வேறு. அதற்கு மேல், முந்தைய கூட்டணி ஏன் ஓடியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வந்தவர்கள் இரண்டு உறுதிமொழிகளை எழுத்தில் கேட்டார்கள். பழைய நிலையத்தில் பயணிகள் விமானங்களை நிறுத்த வேண்டும். சுற்றுவட்டாரத்தில் புதிய போட்டி முளைக்கக் கூடாது.

*

2004 ஜூலை 5

மத்தியில் ஆட்சி மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மன்மோகன் சிங் பிரதமர். விமானப் போக்குவரத்து பிரபுல் படேலிடம். பெங்களூருவில் தரம் சிங் முதல்வராகி ஆறு வாரம் முடியவில்லை. சென்னைக் கோட்டையில் ஜெயலலிதா. டெல்லி அமைச்சரவையில் திமுக.

அன்றுதான் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் பெங்களூரு விமான நிலைய நிறுவனமும் சலுகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முப்பது ஆண்டுகளுக்கு நிலையத்தைக் கட்டி நடத்தும் உரிமை. வேண்டுமானால் இன்னும் முப்பது நீட்டிக்கலாம்.

நூற்றுக்கணக்கான நிபந்தனைகளுக்கு நடுவே ஐந்தாம் பிரிவில் ஒரு பத்தி. அதன் சாரம் இதுதான். புதிய நிலையத்திலிருந்து வான்வழித் தூரம் 150 கிலோமீட்டருக்குள், மைசூரு, ஹாசன் இரண்டும் நீங்கலாக, புதிதாகவோ பழையதை மேம்படுத்தியோ எந்தச் சர்வதேச விமான நிலையத்துக்கும் மத்திய அரசு அனுமதி தராது. நிலையம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள் முடியும் வரை இந்தத் தடை நீடிக்கும்.

விலக்குப் பெற்ற இரண்டு ஊர்களையும் கவனியுங்கள். இரண்டும் கர்நாடகத்தில் இருப்பவை.

வரைபடத்தை எடுத்து, தேவனஹள்ளியில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, 150 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஓசூர் நேர்கோட்டில் ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். பேளகொண்டப்பள்ளி அறுபது. சூளகிரி எழுபதுக்குச் சற்றுக் குறைவு. கிருஷ்ணகிரி தொண்ணூறைத் தாண்டும். தருமபுரியும் திருப்பத்தூரும்கூட உள்ளே. வேலூர் விளிம்பில் நிற்கிறது. சேலம் விமான நிலையம் 160-ஐ ஒட்டி, வட்டத்துக்கு வெளியே.

சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் திரும்ப வந்ததற்கும் ஓசூருக்கு வராததற்கும் பல காரணங்கள் உண்டு. சேலத்தில் அரசின் விமான நிலையமே தயாராக இருந்தது. ஆனால் எந்த ஒப்பந்தத்தையும் காட்டிச் சேலத்தை மறிக்க முடியாது என்பதும் உண்மை. ஓசூரை மறிக்கலாம்.

சாலைத் தூரத்தை வைத்து இந்த வட்டத்தைப் போட்டிருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கும். மலையும் ஏரியும் நகர நெரிசலும் சாலையை வளைக்கின்றன. ஒப்பந்தத்துக்கு அவை பொருட்டல்ல. காகிதத்தில் சூளகிரியும் தேவனஹள்ளியும் ஒரே சந்தையைச் சேர்ந்த பக்கத்து ஊர்கள்.

அதே 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் நிலையத்துக்கும் இதே 150 கிலோமீட்டர் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் 2006-ல் டெல்லியையும் மும்பையையும் தனியாருக்குக் கொடுத்தபோது மத்திய அரசின் பேனா கொஞ்சம் நிதானித்தது. 150 கிலோமீட்டருக்குள் இரண்டாவது நிலையம் வந்தால், அதை எடுத்து நடத்தும் போட்டியில் முதல் நிலையத்துக்கு முன்னுரிமை உண்டு. வரவே கூடாது என்று தடை இல்லை. நவி மும்பையும் நொய்டாவின் ஜேவரும் அந்த இடைவெளி வழியாகத்தான் பிறந்தன.

இரண்டே ஆண்டு வித்தியாசம். பெங்களூரு ஒப்பந்தம் 2006-ல் எழுதப்பட்டிருந்தால் இந்த அத்தியாயத்தையே நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

*

ஒரே இரவில் இரட்டிப்பான தூரம்

2005 ஜூலையில் கட்டுமானம் தொடங்கியது. பயணிகள் பெருகிய வேகத்தைப் பார்த்து, கட்டும்போதே வடிவமைப்பைப் பெரிதாக்கினார்கள். திறப்பு நாள் 2008 மார்ச் 30 என்றார்கள், பிறகு மே 11, கடைசியில் மே 24.

இடையில் பெங்களூருவே கொதித்தது. எச்.ஏ.எல் நிலையத்தை மூடாதே என்று வழக்குகள் போயின. நாடு முழுக்க விமான நிலைய ஆணைய ஊழியர்கள் மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளூர்க் குறுகிய தூர விமானங்களையாவது விட்டுவையுங்கள் என்று தொழில்துறையினர் மன்றாடினார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்பதே பதில்.

மே 23 இரவு. எச்.ஏ.எல் நிலையத்திலிருந்து கடைசிப் பயணிகள் விமானங்கள் கிளம்புகின்றன. மறுபுறம் தேவனஹள்ளியில், மும்பையிலிருந்து வரும் ஏர் இந்தியா விமானம் ஒன்றுக்கு மட்டும் நள்ளிரவுக்கு முன்பே இறங்கச் சிறப்பு அனுமதி. பன்னிரண்டு மணி அடித்ததும் நகரின் வான்வாசல் தென்கிழக்கிலிருந்து வடக்கே இடம் மாறிவிட்டது.

பெங்களூருக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஓசூருக்கு விழுந்த அடி அதைவிடப் பலமானது. அதுவரை நகருக்குள் நுழைந்து சற்று தூரத்தில் விமான நிலையம். இப்போது ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஒரு பெருநகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக முழுசாகக் குறுக்கே கடந்தாக வேண்டும். 35 கிலோமீட்டர் போல் இருந்த பயணம் 75-ஐத் தாண்டியது. சூளகிரியிலிருந்து கணக்குப் போட்டால் நூறை நெருங்கும். நேரம் எவ்வளவு என்பதை சில்க் போர்டு சந்திப்புதான் முடிவு செய்யும்.

ஓசூரில் ஆலை வைத்திருந்தவர்கள் அன்றிலிருந்து ஒரு புதுக் கணக்கைப் பழகினார்கள். காலை ஏழு மணி விமானம் என்றால் நள்ளிரவு தாண்டியதும் கார் கிளம்ப வேண்டும், அல்லது முந்தின நாளே தேவனஹள்ளிப் பக்கம் அறை எடுக்க வேண்டும். இங்கிருந்து சென்னைக்கு விமானத்தில் போவதென்ற எண்ணமே செத்துப்போனது. வடக்கே நூறு கிலோமீட்டர் போய், விமானம் ஏறி, மறுபடி கிழக்கே இறங்குவதற்குள் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் காரிலேயே சென்னை போய்விடலாம்.

ரோஜாவுக்கும் இதே கதி. ஓசூரை அடுத்த அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோவின் கூட்டு முயற்சியாக டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா உருவானது. பாகலூர், பேரிகை பக்கமெல்லாம் பசுமைக்குடில்கள். பிப்ரவரி 14-க்காக ஜனவரிக் கடைசியிலேயே வெட்டப்படும் பூ, குளிரூட்டிய வண்டியில் ஏறி அதே நெரிசலில்தான் ஊர்ந்தாக வேண்டும். வெட்டிய பூவுக்கு வாழ்நாள் மணிக்கணக்கில் போகிறது. வெளிநாட்டுச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது அந்த மணிகள்தான்.

*

துருவத்தின் வழியே ஒரு பாதை

2021 ஜனவரி 9, சான் பிரான்சிஸ்கோ. உள்ளூர் நேரம் இரவு எட்டரை. ஏர் இந்தியாவின் போயிங் 777 ஒன்று பெங்களூருவை நோக்கி எழுந்தது. விமானியறையில் நால்வர், எல்லோரும் பெண்கள்: கேப்டன் சோயா அகர்வால், தன்மயி பாபகாரி, ஆகாங்ஷா சோனாவரே, ஷிவானி மன்ஹாஸ்.

தட்டையான வரைபடத்தில் பார்த்தால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு மேற்கே பசிபிக்கைத் தாண்டித்தான் போகத் தோன்றும். பூமி உருண்டை. இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 160 பாகை தீர்க்கரேகை வித்தியாசம். கிட்டத்தட்ட உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்படி இருக்கும்போது மிகக் குறுகிய வழி உச்சந்தலை வழியாக, வட துருவத்தை ஒட்டிப் போகிறது. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர்.

இந்த வழியில் போவது எளிதல்ல. விமான எரிபொருள் உறையும் நிலை மைனஸ் 47 பாகை. துருவத்தின் மேல் வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்து போவதுண்டு. அவசரத்துக்கு இறங்க நிலையங்கள் குறைவு. இதையெல்லாம் கடந்து பதினேழு மணி நேரத்துக்குப் பின், ஜனவரி 11 அதிகாலையில் அந்த விமானம் தேவனஹள்ளியில் இறங்கியது. அன்று பிற்பகலே திரும்பும் விமானம். அட்டவணைப்படி இரண்டரை மணிக்குக் கிளம்பி, பதினாறு மணி நேரம் பறந்து, சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் மாலை ஐந்து மணிக்கு இறங்கலாம். இந்திய நேரம் பதின்மூன்றரை மணி முன்னால் ஓடுவதால் வரும் வினோதம்.

இப்போது சூளகிரியிலிருந்து கிளம்பும் ஒருவரின் நாளைப் பாருங்கள். 14,000 கிலோமீட்டருக்கு விமானம் கேட்பது பதினாறு மணி நேரம். அந்த விமானத்தைப் பிடிக்க, நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு, சாலை மூன்று மணி நேரம் கேட்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். வழியில் லாரி கவிழ்ந்திருக்குமோ என்ற பயத்துக்குத் தனியாக ஒரு மணி. ஆக, சக்கரம் தரையை விட்டு எழும் முன்பே ஏழு மணி நேரம் கழிந்திருக்கும்.

2008-லிருந்து தேவனஹள்ளி உலகத்தை நெருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த ஏழு மணி நேரத்தில் மட்டும் ஒரு நிமிடமும் குறையவில்லை.

*

வட்டத்துக்குள் ஒரு அறிவிப்பு

2017-ல் உடான் திட்டம் வந்தபோது ஓசூரின் பெயரும் அடிபட்டது. விமானம் வரவில்லை. பி. வில்சன் போன்ற உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கேட்டபோதெல்லாம் அமைச்சகம் 2004 ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டியது. சர்வதேச நிலையத்துக்குத்தானே தடை, உள்நாட்டு விமானம் விட என்ன தடை என்ற வாதம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அந்த வாதத்துக்கு நேரான பதில் கிடைத்ததே இல்லை.

2024 ஜூன் 27. சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் முதல்வர் மு.க. ஸ்டாலின் எழுந்து, ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமையும் என்று அறிவித்தார். பேளகொண்டப்பள்ளி உட்படப் பல இடங்களைப் பார்த்த பிறகு, பேச்சு பாகலூருக்கும் பேரிகைக்கும் நடுவே, சூளகிரி வட்டத்து நிலத்தில் வந்து நின்றது.

தேவனஹள்ளியிலிருந்து வான்வழியில் அது ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒப்பந்தம் தடை சொல்லும் வட்டத்தின் விளிம்பில்கூட இல்லை, நட்ட நடுவுக்குப் பக்கத்தில்.

அரசின் கணக்கு புரிகிறது. தடை முடிவது 2033 மே மாதம். நிலம் எடுத்து, அனுமதி வாங்கி, கட்டி முடிக்க எப்படியும் அவ்வளவு காலம் ஆகும். பெங்களூரு நிலையமும் அதற்குள் நிரம்பி வழியும். 2023-24 நிதியாண்டிலேயே அங்கே மூன்றே முக்கால் கோடிப் பயணிகள் வந்துபோனார்கள். இன்றே தொடங்கினால் வட்டம் அழியும் நாளில் ஓடுபாதை தயாராக இருக்கும்.

கர்நாடகமும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. பெங்களூருவுக்கு இரண்டாவது விமான நிலையம் என்று கனகபுரா சாலையிலும் நெலமங்கலா பக்கமும் இடம் காட்டியது. 2025 ஏப்ரலில் விமான நிலைய ஆணையத்தின் குழு அங்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதுவும் இதே வட்டத்துக்குள்தான்.

நிலத்தின் மேல் போடப்பட்ட வட்டத்துக்கு ஒரு காலாவதி நாள் இருக்கிறது. ஆனால் விமானம் பறப்பது நிலத்தில் இல்லையே. ஓசூருக்கு மேலே இருக்கும் வானத்தில் எச்.ஏ.எல் தன் போர் விமானங்களைச் சோதித்துப் பார்க்கிறது. வடக்கே யெலஹங்காவில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே எந்த உயரத்தில் யார் பறக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் சென்னைக் கோட்டைக்கும் இல்லை, பெங்களூருவின் விதான சௌதாவுக்கும் இல்லை.

2033-ல் ஒப்பந்தம் வழிவிட்டாலும், பாதுகாப்புத் துறை வழிவிடுமா? பேரிகையிலிருந்து எழும் விமானம் எந்த வழியாக ஏறும்? அந்த வானம் யாருடையதானது, எப்போதிலிருந்து, எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள 1940-ல் வால்சந்த் ஹிராசந்த் பெங்களூருவில் விமானத் தொழிற்சாலை தொடங்கிய நாளுக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)